‘துருக்கன்’ என்று எழுதிய பெட்டிகள்

அந்த நான்கு பெட்டிகளையும் என்னிடம் ஏன் தந்தார்கள் என்பதற்கு ஒரு பதில் கிடைத்தது. அதை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அதில் இருபத்திரண்டு வருடம் ஒரு தையல் தொழிற்சாலையில் போனது. தொழிற்சாலையை மூடி, இயந்திரங்களை வேறு நாட்டுக்கு ஏற்றிய பிறகு ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்தேன். தோள்மூட்டு பழுதானதும் அதுவும் நின்றது. கொம்யூன் என்கிற நகரசபை ஆட்கள் என்னை மூன்று மாதத்துக்கு, பிராக்திக், அதாவது வேலைப் பயிற்சி என்று சொல்லி, நகரத்து நாடக அரங்கின் உடுப்பறைக்கு அனுப்பினார்கள். “உனக்குத் தைக்கத் தெரியும்தானே” என்றாள் அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண். அவளுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். அது பழகிவிட்டது.

பழகாத விடயம் வேறு. ஒருவர் காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் காரணத்தைத் தேடுவேன். கடிதத்தில் ‘உங்கள் நன்மைக்காக’ என்று இருந்தால் அதை இரண்டு தரம் வாசிப்பேன். இலங்கையிலிருந்து அகதியாக வந்து, ஒவ்வொரு பொலிஸ் அதிகாரிக்கும் ஒரே கதையை மாறாமல் சொல்லிப் பழகியவர்களுக்கு இது இலகுவில் போகாது.

உடுப்பறை அரங்கின் பின்பக்கத்தில் மேல்மாடியில் இருந்தது. நீளமான கூடம். இரும்புக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான உடுப்புகள் தொங்கின. அதற்குப் பொறுப்பானவள் அறுபது வயது தாண்டிய, உயரமான டேனிஷ்காரி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். நான் ஊசியில் நூல் கோர்ப்பதையே ஒருநாள் வெகுநேரம் நின்று பார்த்தாள். அங்கே உதவிக்கு வந்துபோகிற இன்னும் இரண்டு டேனிஷ் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தொப்பிகளையும் நடன விருந்துக் கவுண்களையும் பிரித்துக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் என் பக்கம் திரும்பி, மூலையிலிருந்து நான்கு மரப்பெட்டிகளை இழுத்து என் மேசைக்கு முன்னால் வைத்தாள். எல்லாவற்றிலும் சுண்ணக்கட்டியால் ‘துருக்கன்’ என்று டேனிஷில் எழுதியிருந்தது.

“இதையெல்லாம் கழுவித் தைக்க வேணும். வாற இலையுதிர் காலத்தில ஒரு பழைய பகிடி நாடகம் போடப்போறம்” என்றாள்.

எனக்குக் காது சுட்டது. நான் டென்மார்க்குக்கு வந்த முதல் மாதம், பேருந்தில் ஒரு கிழவன் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு “துருக்கிக்குப் போ” என்று சத்தம் போட்டான். துருக்கி எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. அறுபது எழுபது பெட்டிகள் இருந்த அந்தக் கூடத்தில் இந்த நான்கு மட்டும் என்னிடம் வந்ததைத் தற்செயல் என்று நான் எப்படி எடுப்பது?

பெட்டிகளைத் திறந்தேன். பெரிய பெரிய தலைப்பாகைகள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அது பழைய படுக்கை விரிப்பு. பலூன் மாதிரி ஊதிய காற்சட்டைகள், நுனி வளைந்த சப்பாத்துகள், வெள்ளி மை பூசிய மரவாள்கள், வயிற்றில் கட்டுகிற பஞ்சு மூட்டைகள், கம்பியில் ஒட்டிய மீசைகள். உள்ளே பாத்திரத்தின் பெயர் எழுதிய துண்டுகள் தைத்திருந்தன: கொடிய பாஷா, கொழுத்த துருக்கன், நல்ல சுல்தான், துருக்கன் மூன்று. ஒவ்வொரு மேலங்கியின் கழுத்துப்பட்டியிலும் மண்ணிறக் கறை. முகத்துக்குப் பூசிய மை வியர்வையோடு வடிந்து ஊறியிருந்தது. அந்த நிறத்துக்குப் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். என்னுடையது இன்னும் கொஞ்சம் கறுப்பு.

கோப்பி நேரத்தில் பொறுப்பானவளிடம் கேட்டேன்: “ஏன் இத்தனை துருக்கர்?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “ஐரோப்பா முழுக்க இப்படித்தான். சுல்தானின்ர படை கிட்ட வந்த காலத்தில மேடையில துருக்கன் எண்டால் கொடியவன். கழுத்தை வெட்டுறவன். படை பின்வாங்கி, பயம் குறைஞ்ச பிறகு ஆக்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிச்சினம். கொழுத்தவன், மூடன், நாலு பெண்டாட்டிக்காரன். அதுக்குப் பிறகு பாட்டு நாடகங்களில நல்ல சுல்தான் வந்தான். பிடிச்சு வைச்ச வெள்ளைக்காரியைக் கடைசியில மன்னிச்சு அனுப்பிவிடுவான்.”

“ஒரு துருக்கன் வந்து நடிச்சதோ?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லை” என்றாள். “எங்கட நாடகத்திலயும் உண்மையான துருக்கன் இல்லை. ஒரு வியாபாரியை ஏமாத்த அவன்ர ஆக்களே துருக்கர் மாதிரி வேசம் போட்டு வருவினம்.”

அவள் நேராகத்தான் பதில் சொன்னாள். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. இவ்வளவு ஆயத்தமாகப் பதில் வைத்திருப்பவள் யாரோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

அடுத்த கிழமை, தைத்து முடித்த நீலநிற நீள அங்கி ஒன்றை என்னிடம் நீட்டி, “ஒருக்காப் போட்டுப் பார். நடிகரும் உன்ர உயரம்தான். நீளம் பார்க்க வேணும்” என்றாள். போட்டேன். அவள் கீழே குந்தி விளிம்பைப் பிடித்தாள். கைத்தொலைபேசி ‘டிக்’ என்றது.

“ஏன் படம்?”

“உடுப்பு வடிவமைக்கிறவருக்கு அனுப்ப.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து, போன வருடம்தான் ஓய்வு எடுத்தவர். எதையும் பெரிதுபடுத்தமாட்டார்.

“என்ர முகத்தைச் சுவரொட்டியில போடப்போகினம், பாருங்கோ.”

“போட்டால் போடட்டுமே. உன்ர அம்மா இருந்திருந்தால் அவவுக்கும் ஒண்டு அனுப்பியிருக்கலாம்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பயம் சுவரொட்டி அல்ல. அதைப் பார்க்கக்கூடிய ஒருத்திதான்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவள் ஒரு துருக்கிப் பெண். அவளுடைய தகப்பன் வார்ப்புப் பட்டறை வேலைக்கென்று முதலே வந்தவர். அவள் பன்னிரண்டு வயதில் வந்தாள். இப்போது எங்கள் குடியிருப்பிலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது உடைந்த டேனிஷில். என் மகளுக்கு அது பாதிதான் விளங்கும், எங்களுக்கு முழுதும் விளங்கும். என் தோளுக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்டவள். அவளுடைய மாமியார் செத்தபோது மூன்று நாள் அவள் வீட்டுக் குசினியில் நின்று சமைத்தவள் நான். அவள் இரண்டு தரம் கேட்டாள், “தியேட்டரில என்ன தைக்கிறாய்?” என்று. “காற்சட்டைச் சிப்புகள்” என்றேன். ‘துருக்கன்’ என்ற பெட்டியை வாயால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதற்குள் உடுப்பறைப் பொறுப்பாளர் ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்: “உங்கட குடியிருப்பில துருக்கிக் குடும்பங்கள் இருக்குதாமே? ஆரையாவது கூட்டிக்கொண்டு வருவியா? நாங்கள் தொடங்க முதல் ஒருக்காக் காட்ட வேணும்.”

அப்போதுதான் எல்லாம் பொருந்தியது போலிருந்தது. பெட்டியும் அதற்குத்தான், படமும் அதற்குத்தான், பிராக்திக்கே அதற்குத்தான். துருக்கி ஆள் ஒருவரின் சம்மதம் இவர்களுக்கு வேண்டும். அதற்கு நான் ஏணி.

“எனக்கு ஒருத்தரையும் தெரியாது” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினாள்.

மண்ணிறக் கறைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அரங்கில் எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகவில்லை. எங்கள் குடியிருப்பின் நிலவறையில் பொதுச் சலவை அறை இருக்கிறது. அங்கே கோப்பை கழுவும் திரவமும் ஸ்பிரிட்டும் கலந்து ஊறவைத்துப் பார்க்கலாம் என்று இரண்டு அங்கிகளையும் ஒரு தலைப்பாகையையும் பையில் கொண்டுவந்தேன். ஊறவைத்துவிட்டு, தேய்க்கிற தூரிகை எடுக்க மேலே போனேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தன் சலவைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நீர் சொட்டச் சொட்ட அங்கியைப் பிடித்துக்கொண்டு உள்துண்டை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“கொழுத்த துருக்கன்” என்று உரத்து வாசித்தாள். “இது ஆர்?”

“தியேட்டர் உடுப்பு.”

“இதுதானா உன்ர சிப்பு?”

அவள் தலைப்பாகையைத் தூக்கிப் பார்த்தாள். விளிம்பில் இருந்த கடை முத்திரையைக் கண்டதும், “இது படுக்கை விரிப்பெல்லோ” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏன் என்னட்ட ஒளிச்சனி?”

“நீ மனம் நோவாய் எண்டு.”

“மனம் நோகிறதோ இல்லையோ எண்டு நான் சொல்ல வேணும், நீ இல்லை.” அங்கியைத் திரும்பத் தொட்டியில் போட்டாள். பிறகு கேட்டாள்: “உங்கட நாட்டிலயும் இப்படித் துருக்கரை வைச்சு நாடகம் போடுவினமோ?”

“இல்லை. எங்களுக்குத் துருக்கரையே தெரியாது.”

இரண்டாவது வசனம் உண்மை. முதலாவது பொய். பெரிய பொய்.

அவள் தானே வந்து பார்க்கவேண்டும் என்று நின்றாள். அடுத்த புதன்கிழமை, நல்ல கோட்டும் பூப்போட்ட தலைத்துணியுமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உடுப்பறைக் கதிரையில் இருந்தாள். பொறுப்பாளர் கோப்பி ஊற்றினாள். “உனக்கு ஒருத்தரையும் தெரியாது எண்டனி” என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்காததை நான் குறித்துக்கொண்டேன்.

என் சிநேகிதி எழுந்து கம்பியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். காற்சட்டையின் உட்புறத்தைத் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தாள். “மோசமான தையல். எங்கட தொழிற்சாலைப் போர்மன் கண்டிருந்தால் பிரிச்சு எறிஞ்சிருப்பார்” என்றாள். பஞ்சு வயிற்றைத் தன் கோட்டுக்கு மேலே வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இந்தத் துருக்கன் என்ன கதைக்கிறான்?”

பொறுப்பாளர் தயங்கினாள். அலுமாரியிலிருந்து நாடகப் பிரதியை எடுத்து, ஒரு பக்கத்தைத் தேடி, மெல்லிய குரலில் வாசித்தாள். அது எந்த மொழியும் இல்லை. ‘பா’வும் ‘லா’வும் ‘ஊ’வும் கலந்த வெறும் சத்தம்.

“இது துருக்கி மொழி இல்லை” என்றாள் சிநேகிதி.

“இல்லை. எழுதினவர் சும்மா உண்டாக்கினது.”

சிநேகிதி கண்ணை மூடிக்கொண்டு, “திரும்ப வாசி” என்றாள். பொறுப்பாளர் திரும்ப வாசித்தாள். சிநேகிதி தலையை ஆட்டினாள். “வார்ப்புப் பட்டறையில போர்மன் என்ர அப்பாவோட இப்படித்தான் கதைச்சவராம். அப்பாவுக்கு டேனிஷ் விளங்காது எண்டு, டேனிஷும் இல்லாமல் துருக்கியும் இல்லாமல் சத்தமாச் சொல்லுவாராம். அப்பா வீட்டில அவரை மாதிரி நடிச்சுக் காட்டுவார். நாங்கள் நல்லாச் சிரிப்பம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. போகும்போது அவள் வாசலில் நின்று பொறுப்பாளரிடம் நேராகவே கேட்டாள்: “இந்தப் பெட்டியளை ஏன் இவளிட்டக் குடுத்தனி?”

நான் ஐந்து கிழமையாகக் கேட்கப் பயந்த கேள்வி.

“இவளின்ர கைத்தையல்தான் இஞ்ச திறம்” என்றாள் பொறுப்பாளர். கேட்காமலே தன் கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் படத்தையும் காட்டினாள். நீல அங்கியின் விளிம்பும், காலுறை போட்ட என் இரண்டு பாதங்களும் மட்டும். முகம் இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும், வேறு படம் எடுத்து அழித்திருக்கலாம் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிநேகிதி எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தாள். உடுப்பறைக் கதையை என் கணவருக்குச் சொன்னாள். அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, என்னைக் காட்டி, நல்ல உற்சாகமாக, தன் டேனிஷில் சொன்னார்:

“இவளின்ர அப்பாவைப் பற்றிக் கேள்! எங்கட கரையில அவரை மாதிரித் துருக்கி ராசா ஒருத்தரும் இல்லை. மன்னார் முழுக்கப் பேர்.”

சிநேகிதி கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

வேறு வழியில்லை. சொன்னேன். நாங்கள் கத்தோலிக்கர். கோயில் திருநாளுக்கு முற்றத்தில் நாட்டுக்கூத்து ஆடுவார்கள். கிறிஸ்தவ ராசா ஒரு பக்கம், துருக்கி ராசா மறுபக்கம். என் அப்பா மீன் பிடிக்கிறவர், நெஞ்சு அகன்ற ஆள், குரல் கடலுக்குக் கேட்கும். அதனால் அவருக்கு எப்போதும் துருக்கி ராசா. முகத்துக்குச் சட்டிக்கரி. மீசைக்குத் தென்னந்தும்பு. அவர் மேடைக்கு வந்தவுடன் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ‘ஊ’ என்று கத்துவோம். நானும் என் சொந்த அப்பாவைப் பார்த்துக் கத்துவேன்.

“உங்களுக்குத் துருக்கரைத் தெரியாது எண்டனி.”

“தெரியாதுதான். ஒருத்தரையும் கண்டதில்லை. அந்தக் கதையெல்லாம் போர்த்துக்கேயச் சாமிமார் கொண்டுவந்தது எண்டு சொல்லுவினம்.”

“ஆனால் நாடகம் போடுறேல்லை எண்டும் சொன்னனி.”

“ஓம். பொய் சொன்னனான்.”

கணவர் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் எழுந்து போனார். அவள் தேநீரை முடிக்கவில்லை. “கொஞ்சம் வேலை இருக்கு” என்று கீழே போய்விட்டாள்.

இரண்டு கிழமை அவளைக் காணவில்லை. அதாவது, கண்டேன், படிக்கட்டில் ‘ஹை’ என்பாள், நிற்கமாட்டாள். சலவை அறைப் பலகையில் தன் நேரத்தை வேறு நாளுக்கு மாற்றியிருந்தாள். தற்செயலாகவும் இருக்கலாம். நான் அப்படி எடுக்கவில்லை. அரங்கில் பொறுப்பாளரை அவ்வளவு நாளும் ஓரக்கண்ணால் பார்த்தேனே, அதே பார்வையை இப்போது என் மேல் வேறொருத்தி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு கனமான பார்வை அது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

மூன்றாம் கிழமை அரங்கின் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாடக நெறியாளரின் கையெழுத்து. இலையுதிர் கால நாடகம் மாற்றப்பட்டிருக்கிறது. ‘நகரத்தின் துருக்கிச் சமூகத்துடன் கலந்து பேசியபின்’ இந்த முடிவு எடுக்கப்பட்டது. நான் நின்ற இடத்திலேயே இரண்டு தரம் வாசித்தேன். ஒரு கோப்பை கோப்பி குடித்த ஒருத்தியைச் சமூகமாக்கிவிட்டார்கள். சம்மதத்துக்குப் பதிலாக மறுப்பை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் சந்தேகம் அரைவாசி சரி.

பொறுப்பாளர் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். “நான் அப்படி எழுதச் சொல்லேல்லை” என்றாள். நான் கழுவி, தைத்து, அழுத்திய உடுப்புகளை அவளும் நானுமாகத் திரும்பப் பெட்டியில் அடுக்கினோம். கறை முழுதாகப் போகவில்லை. தையல் மட்டும் இப்போது பலமாக இருந்தது.

இந்த முறை ஒளிக்கவில்லை. வேலை முடிந்து நேராகக் கீழ்த்தளத்து மணியை அடித்தேன். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. தாளில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

“நான் வேண்டாமெண்டு சொன்னனானோ?” என்றாள். முகம் சிவந்துவிட்டது. “நான் தையல் பிழை எண்டுதானே சொன்னனான்! எனக்கு அந்த நாடகத்தைப் பார்க்க விருப்பமாயும் இருந்தது. அந்தக் கொழுத்தவன் என்ன செய்யிறான் எண்டு.”

“நீ போய்ச் சொல்லு அவையளுக்கு.”

“சொல்லத்தான் போறன்.” போய்ச் சொன்னாள் என்று பிறகு அறிந்தேன். நெறியாளர் நன்றி சொன்னாராம். தாள் மட்டும் பலகையிலேயே இருந்தது.

அன்று கதவில் நின்றபடியே கேட்டாள்: “உங்கட அப்பான்ர நாடகத்தில எங்கட ராசாவுக்குக் கடைசியில என்ன நடக்கும்?”

“தோத்துப்போவார். பிறகு முழந்தாளில நிண்டு ஞானஸ்நானம் எடுப்பார். சனம் எல்லாம் கை தட்டும்.”

“கிறிஸ்தவனா மாத்திப்போடுவியளோ?”

“ஓம்.”

“அதைவிட அவரைக் கொன்றிருக்கலாம்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வெடித்தது. அவளும் சிரித்தாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. உண்மையாகத்தான் சிரிக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.